மருதாணி போட்ட பேட்ச்

ஆய்வுக்குப் போகும் இடத்தில் காபி கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். குடிக்கவே கூடாது என்று உங்களுக்கு வகுப்பில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அப்படிச் சொன்னவர் ஆய்வுக்குப் போயே இருக்க மாட்டார். நாம் வரப்போவது முன்கூட்டியே தெரிந்த மையத்தில், நாம் உட்காருவதற்குள் காபி வந்துவிடும், கூடவே முந்திரி பிஸ்கெட்டும். நிஜமாகவே தெரியாத மையத்தில் பால் வாங்க ஆள் ஓடும், டம்ளரைத் தேடுவார்கள், கடைசியில் வந்து சேரும் காபியில் சர்க்கரை இருக்காது. சர்க்கரை இல்லாத காபியைக் குடித்துக்கொண்டே நான் எத்தனையோ மையங்களுக்கு நல்ல அறிக்கை எழுதியிருக்கிறேன்.

திறன் பயிற்சி மையங்களை ஆய்வு செய்யும் அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் நாலு வார்த்தை பேசச் சொல்லிக் கேட்டார்கள். நாலு வார்த்தையோடு நிறுத்துகிற பழக்கம் எனக்குக் கிடையாது, நந்தனம் அலுவலகத்தில் என் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். வருகைப் பதிவு மெஷினை எப்படி இயக்குவது, அறிக்கையை எங்கே ஏற்றுவது என்பதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாக வரும். மெஷின் ஒன்று சொல்லி, கண் வேறொன்று சொல்லும்போது என்ன செய்வது என்று மட்டும் சொல்கிறேன்.

நம் வேலையின் சாரம் இவ்வளவுதான். தையலோ, ஏசி மெக்கானிக்கோ, நோயாளியைப் பார்த்துக்கொள்வதோ, காசு கட்டிக் கற்க முடியாதவர்களுக்கு அரசாங்கம் காசு கட்டிக் கற்றுத் தருகிறது. பணம் நேராகப் பயிற்சி மையத்துக்குப் போகும், தவணை தவணையாக. படிக்க வருகிறவர்கள் தினமும் மெஷினில் விரல் வைக்க வேண்டும். வருகை குறைந்தால் அந்த பேட்ச் ரத்து. பேட்ச் ரத்தானால் மையத்துக்குத் தவணை இல்லை, படித்தவர்களுக்குத் தேர்வும் சான்றிதழும் இல்லை. நீங்கள் இப்போது முகத்தைப் பார்க்கும் மெஷினோடு போகிறீர்கள். எங்கள் காலத்தில் விரல் ரேகைதான்.

இந்தக் கெடுபிடி சும்மா வந்ததில்லை. ஆளே இல்லாமல் பேட்ச் நடத்தியவர்கள் இருந்தார்கள். வேலையில் சேர்ந்த புதிதில் தி.நகரில் ஒரு மையத்துக்குப் போனேன். துணிக்கடை விற்பனையாளர் பயிற்சி. வகுப்பு நிறையப் பெண்கள், எல்லாரும் கசங்காத சீருடையில், கை கட்டி, மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தார்கள். என்ன ஒழுக்கம் என்று நான் மெய்மறந்து நின்றேன். என்னோடு வந்திருந்த மேலதிகாரி அம்மாள் மயிலாப்பூர்க்காரர், மகா கோபக்காரர். அவர் முன்வரிசைப் பெண்ணிடம், பின்னால் இருப்பவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒரு பேனா வாங்கித் தரச் சொன்னார். அந்தப் பெண் திரும்பி, பின்னால் இருந்தவளிடம் மெதுவாக, “அக்கா, உன் பேர் இன்னா?” என்று கேட்டாள். அன்றைக்கு மட்டும் கூலி பேசி அழைத்துவரப்பட்ட கூட்டம் அது.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அந்த அம்மாள் சொன்னதை நான் கடைசிவரை மறக்கவில்லை. “ஆளை எண்ணிண்டு நிக்காதே. அவாளுக்குள்ள சண்டை இருக்கான்னு பாரு. ஒரே வகுப்புல மாசக்கணக்கா உட்கார்ந்தவாளுக்குள்ள சண்டை இல்லேன்னா, அவா உட்காரவே இல்லேன்னு அர்த்தம்.” அப்போது அதை நான் அவர் கோபத்தில் சொன்ன பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அது எனக்குக் கைகொடுத்தது, ஓய்வு பெறும் ஆண்டில்.

ஆடி மாதம். மயிலாப்பூரில் தெற்கு மாட வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், பாத்திரக் கடைக்கு மேலே மாடியில் ஒரு மையம் இருந்தது. நோயாளிப் பராமரிப்புப் பயிற்சி. படுத்தவரை எழுப்பி உட்கார வைப்பது, படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவது, புண் வராமல் திருப்பிப் படுக்க வைப்பது, இதெல்லாம் சொல்லித்தருவார்கள். பட்டினப்பாக்கம், மந்தைவெளி, திருவல்லிக்கேணி, ஆதம்பாக்கம் என்று பல இடங்களிலிருந்து வந்த முப்பது பெண்கள். பெரும்பாலோர் பிள்ளை பெற்றவர்கள், கடையிலோ வீட்டு வேலையிலோ இருந்ததை விட்டுவிட்டுப் படிக்க வந்தவர்கள். தேறினால் முப்பது பேரையும் எடுத்துக்கொள்வதாக அடையாறில் ஒரு மருத்துவமனை ஒப்புக்கொண்டிருந்தது. தேர்வுக்குச் சில வாரங்களே மீதி.

அப்போதுதான் அந்த பேட்ச் எங்கள் கணினித் திரையில் சிவப்பில் வந்தது. முப்பது பேர் வரவேண்டிய வகுப்புக்கு அந்த வாரம் முழுக்க ஒரே ஒருத்திதான் வந்திருக்கிறாள் என்றது மெஷின்.

இணை இயக்குநர் என்னைக் கூப்பிட்டார். அவர் வந்து சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வேறு மாவட்டத்தில் போலி பேட்ச் பிடிபட்டு, மேலிருந்து எல்லாருக்கும் மண்டகப்படி நடந்துகொண்டிருந்த நேரம். போய்ப் பாருங்கள், ஒருத்தி மட்டும் வருகிற வகுப்புக்கு அரசாங்கப் பணம் எதற்கு, சாயங்காலத்துக்குள் ரத்து என்று எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார். பார்த்துவிட்டு எழுதுவதா, எழுதிவிட்டுப் பார்ப்பதா என்று கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும் அன்றைக்கு அந்த வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வரவில்லை.

மாடி ஏறிப் போனால், வகுப்பு நிறைந்திருந்தது. எனக்கு முதலில் தி.நகர்தான் ஞாபகம் வந்தது. எல்லாரும் நீல நிற மேல்கோட்டு. எல்லாரும் மௌனம். அதிலும் ஒரு விசித்திரம், ஏறக்குறைய அத்தனை பேரும் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டிருந்தார்கள். அறை முழுக்க ப்ளீச்சிங் பவுடர் நெடி. மையப் பொறுப்பாளர் சின்ன வயதுப் பையன், மின்விசிறிக்குக் கீழேயே நின்றும் வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தான். காபி சொல்லியனுப்பினான். அது வருவதற்குள் நான் முதல் வரிசையிடம் கையை வெளியே எடுத்து மேஜைமேல் வைக்கச் சொன்னேன்.

பத்து விரலும் முதல் கணு வரைக்கும் செக்கச் செவேல் என்று சிவந்திருந்தது. அடுத்தவளுக்கும் அப்படியே. அதற்கடுத்தவளுக்குச் சிவப்போடு தோலும் உரிந்திருந்தது.

ஆடியில் மருதாணி வைக்காத வீடு எது. இலையை மைய அரைத்து, ஒவ்வொரு விரல் நுனிக்கும் தொப்பி போட்ட மாதிரி அப்பி, மணிக்கணக்கில் கையை ஆகாயத்தில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். நானும் உட்கார்ந்திருக்கிறேன். அது அழகாகத்தான் சிவக்கும். ஆனால் அந்தச் சிவப்பு ஏறிய விரலில் எங்கள் மெஷினுக்கு ரேகை தெரியவில்லை. எனக்கு அங்கேயே சிரிப்பு வந்துவிட்டது. நல்லவேளை, அடக்கிக்கொண்டேன், ஏனென்றால் மூன்றாவது வரிசையில் ஒருத்தி தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்திருந்தாள்.

அவள் பெயர் மஞ்சுளா. ஆதம்பாக்கத்திலிருந்து வேளச்சேரி வந்து பறக்கும் ரயிலில் ஏறி வருகிறவள். முன்பு தி.நகரில் ஒரு துணிக்கடையின் கீழ்த்தளத்தில் பார்சல் கட்டிக்கொண்டு நாள் முழுக்க நின்றவள். கால் நரம்பு சுருட்டிக்கொண்டுவிட்டது, உட்கார்ந்து எழ முடிகிற வேலை வேண்டும் என்று இதில் சேர்ந்திருந்தாள். நடந்ததை அவள்தான் சொன்னாள். போன வாரம் மருத்துவமனையிலிருந்து ஒருவர் வந்து பேசியிருக்கிறார். வேலைக்குச் சேர்ந்தால் கையில் வளையல் கூடாது, மோதிரம் கூடாது, நகப்பூச்சு கூடாது, மருதாணியும் கூடாது என்று சொல்லியிருக்கிறார்.

“அதான் மேடம், இனிமே ஜென்மத்துக்கும் கெடையாது, கடசியா ஒருதபா எல்லாரும் சேந்து போட்டுக்கலாம்னு நான்தான் சொன்னேன். எங்க வூட்டாண்ட மரம் கீது. பாதி மரத்த மொட்டையடிச்சு அரைச்சு பக்கெட்டுல எடுத்தாந்தேன். என்னால எல்லாரு பொழப்பும் போச்சு மேடம்.”

வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்த பிறகு ஒருத்திக்கு ஒருத்தி வைத்துவிட்டிருக்கிறார்கள். விரலை மடக்காமல் பஸ்ஸில் போனவர்களுக்கு, கண்டக்டரே கைப்பையைத் திறந்து சில்லறை எடுத்துக்கொண்டு டிக்கெட்டைச் செருகினாராம். திங்கட்கிழமை வந்து விரலை வைத்தால், மருதாணி வைத்த ஒருவரையும் மெஷின் ஏற்கவில்லை. பொறுப்பாளர் என்ன செய்திருக்க வேண்டும்? அன்றைக்கே நமக்கு ஃபோன் செய்திருக்க வேண்டும். அவன் செய்தது என்ன? இரண்டு நாளில் நிறம் போய்விடும் என்று ஒருவரிடமும் மூச்சு விடாமல் இருந்தான். போகவில்லை என்றதும் எலுமிச்சம்பழம், உப்பு, ப்ளீச்சிங் பவுடர், கடைசியில் பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரையும் வாங்கிக் கொடுத்துத் தேய்க்கச் சொல்லியிருக்கிறான். கொஞ்சநஞ்சம் தெரிந்திருக்கக்கூடிய ரேகையும் அதில் தேய்ந்துபோனது. ஃபோன் என்று ஒன்றைக் கண்டுபிடித்து வெகுகாலம் ஆகிறது தம்பி, யாரும் உனக்குச் சொல்லவில்லையா என்று கேட்டேன். அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். இதை நீங்கள் பல மையங்களில் பார்ப்பீர்கள். தப்பு சின்னதாகத்தான் இருக்கும், அதை மூடிமறைக்கப் போய் ஊரே நாறும்.

கொஞ்சம் தெம்பு வந்ததும் அவன், மேடம்தான் நேரில் பார்த்துவிட்டீர்களே, எல்லா நாளும் வந்தார்கள் என்று போட்டுவிடுங்கள் என்றான். நான் பார்த்தது இன்றைக்கு மட்டும்தான். பார்க்காத நாளுக்கு நான் எப்படிச் சாட்சி சொல்வது? மனசு இவர்கள் பக்கம் சாய்கிறது என்பதற்காகப் பேனாவையும் சாய்க்க ஆரம்பித்தால், நாளைக்கு அழத் தெரிந்தவனுக்கெல்லாம் அரசாங்கப் பணம் போகும். மெஷின் சொல்வதை அப்படியே எழுதினாலோ, கண்ணெதிரே உட்கார்ந்திருக்கும் பெண்களை இல்லை என்று எழுதுகிறேன். சாயங்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது.

இணை இயக்குநரைக் கூப்பிட்டேன். மருதாணி என்றதும் எதிர்முனையில் ஒரு பெருமூச்சு. இன்றைக்கு மருதாணி என்பார்கள், நாளைக்கு சிமெண்டில் ரேகை தேய்ந்துவிட்டது என்பார்கள் என்றார். விரல் நுனியில் யாராவது மருதாணி வைப்பார்களா, உள்ளங்கையில்தானே பூப்போட்டு வரைவார்கள் என்றும் கேட்டார். உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள் சார் என்றேன்.

பிறகு அவர் கேட்ட கேள்விதான் என்னை உட்கார வைத்தது. இன்றைக்கு ஆட்களைக் கூட்டி வந்து, விரலைச் சிவக்க வைத்து உங்கள் எதிரே உட்கார வைத்திருந்தால் என்ன செய்வீர்கள் என்றார். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் கேள்வியில் தப்பில்லை. வாடகைக்கு ஆள் பிடிக்கத் தெரிந்தவனுக்கு மருதாணி ஒரு பெரிய செலவா. அவரே ஒரு வழியும் சொன்னார்.

“மெஷினுக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தங்க இருக்காங்கல்ல, அவங்களைக் கேளுங்க. மத்தவங்க தினமும் வந்தாங்களா இல்லையான்னு அவங்க சொல்லட்டும். ஃபோனை ஸ்பீக்கர்ல போடுங்க, நானும் கேக்கறேன்.”

அந்த ஒருத்தி யார் என்று வகுப்பைப் பார்த்துக் கேட்டேன். அத்தனை முகமும் ஒரே நேரத்தில் வாடிப்போனது. மஞ்சுளா அழுவதையே நிறுத்திவிட்டு, “போச்சு” என்றாள்.

ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்திருந்தவள் எழுந்தாள். பட்டினப்பாக்கத்துக் கலா. வாட்டசாட்டமான உடம்பு, கறாரான முகம். விரல்கள் பத்தும் சுத்தமாக இருந்தன. எல்லாரும் வைத்துக்கொண்டபோது நீ மட்டும் ஏனம்மா வைத்துக்கொள்ளவில்லை என்று கேட்டேன். நான் கேட்டது அவ்வளவுதான்.

“அந்த மஞ்சுளா குடுத்தத நான் இன்னாத்துக்குப் போட்டுக்கணும்? தூக்கிப் பழகும்போது நான்தான் பேஷண்ட்டா படுத்துக்கினு இருந்தேன் மேடம். தலைப் பக்கம் ஒருத்தி, கால் பக்கம் இவ. எண்ணித் தூக்கும்போது சிரிச்சிக்கினே கால வுட்டுட்டா. இடுப்புல வுழுந்தேன். ஒரு வாரம் குனிய முடில. இவ ஒரு வார்த்த கேக்கல.”

மஞ்சுளா விடவில்லை, நான் கேட்டேன், நீதான் முகத்தைத் திருப்பிக்கொண்டாய் என்றாள். கிண்ணத்தில் தனியாக உனக்கு எடுத்து வைத்தேனே, அதையும் குப்பையில் கொட்டினாயே என்றாள். அது கெட்டுப்போன மருதாணி என்றாள் கலா. அப்புறம் வகுப்பு இரண்டாகப் பிரிந்துகொண்டது. விழுந்தவளுக்குத்தான் வலி தெரியும் என்று ஒரு கட்சி. அன்றைக்கு எல்லாரும்தான் சிரித்தோம், மஞ்சுளாவை மட்டும் ஏன் பிடித்துக்கொள்கிறாய் என்று இன்னொரு கட்சி. பயிற்சி ஆரம்பித்த வாரத்தில் மின்விசிறிக்கு அடியில் யார் உட்காருவது என்று வந்த தகராறு வெளியே வந்தது. யாரோ ஒருத்தியின் கருவாட்டுக் குழம்பைப் பற்றி யாரோ சொன்ன வார்த்தை வந்தது. சமாதானம் செய்ய வந்த ஒரு பெரியம்மாளுக்கும் இரண்டு விழுந்தது. பொறுப்பாளர் பையன் கையைப் பிசைந்துகொண்டு, மேடம் முன்னால் சண்டை போடாதீர்கள் என்று கெஞ்சினான். சும்மா இரு தம்பி, போடட்டும் என்றேன்.

அப்போதுதான் காபி வந்தது. சர்க்கரை இல்லை. அதைக் குடித்துக்கொண்டே அந்தச் சண்டையை நான் ரசித்து ரசித்துக் கேட்டேன். எத்தனை மாதம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் இத்தனை மனத்தாங்கல் சேரும். கூலி பேசி அழைத்து வந்தவர்களுக்கு இதையெல்லாம் மனப்பாடம் செய்துகொடுக்க யாராலும் முடியாது. ஆட்டோவில் அந்தக் கோபக்கார அம்மாள் சொன்னது காதில் கேட்டது. இது நிஜமான பேட்ச்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் எனக்குத் தெரிந்தால் போதாது. சண்டை நன்றாக இருந்தது என்று அறிக்கையில் எழுத முடியாது. கலா வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

மேஜையைத் தட்டி அமைதியாக்கினேன். கலாவிடம் ஒளிக்காமல் ஒன்றைச் சொன்னேன், அது என் கடமை. இந்த பேட்ச் ரத்தானாலும் உனக்கு வருகை முழுதாக இருக்கிறது, வேறு மையத்துக்கு மாற்றிவிடுவோம், நீ அங்கே தேர்வு எழுதிக்கொள்ளலாம், உனக்கு நஷ்டமில்லை என்றேன். அதனால் பயந்தோ தயவுதாட்சண்யத்துக்காகவோ எதையும் சொல்ல வேண்டாம், இவர்கள் எல்லாரும் இந்த வாரம் தினமும் வந்தார்களா என்பதை மட்டும் சொல் என்றேன்.

மஞ்சுளா தன் சிவந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பவும் அந்தக் கீழ்த்தளத்துக்குத்தான் போகப்போகிறோம் என்று அவள் முடிவு செய்துவிட்டது முகத்தில் தெரிந்தது. கலா அவளை ஒரு பார்வை பார்த்தாள்.

“வந்தாங்க மேடம். எல்லாரும் தெனம் வந்தாங்க. இவளும் வந்தா. ஒரு நாளாச்சும் வராம இருந்திருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேன்.”

ஃபோனில் இணை இயக்குநர் இருமினார். சிரிப்பை அப்படி மாற்றினார் என்று நினைக்கிறேன். பார்த்ததையும் கேட்டதையும் அப்படியே எழுதிக்கொண்டு வாருங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். அப்பாடா என்று நான் வாய்விட்டே சொல்லிவிட்டேன். வகுப்பில் யாரும் கை தட்டவில்லை, கத்தவில்லை. இவ்வளவு நேரம் பைக்குள் ஒளித்து வைத்திருந்த கைகளை எல்லாரும் மேஜைமேல் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். சிலர் அழுதார்கள். எனக்கும் கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்வதில் என்ன வெட்கம்.

அறிக்கையில் எதையும் மறைக்கவில்லை. விரல் ரேகை பதிவாகாததற்கு மருதாணிதான் காரணம், இன்று முப்பது பேரையும் நேரில் பார்த்தேன், மற்ற நாட்களுக்கு, ரேகை பதிவான ஒரே மாணவியின் சாட்சியம் இது என்று தனித்தனியாக எழுதினேன். நிறம் போகும்வரை தினமும் வகுப்பைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். தகவல் சொல்லாமல் இருந்த பொறுப்பாளருக்கு ஒரு மெமோவும் பரிந்துரைத்தேன். அது அவனுக்கு வேண்டியதுதான்.

மறுநாள் இணை இயக்குநர் என் மேஜைக்கு வந்து நின்றார். ராத்திரிச் சாப்பாட்டின்போது மனைவியின் கையைப் பார்த்தாராம். பத்து விரலிலும் தொப்பி. ஒரு வாரமாக அந்தக் கைதான் தனக்குச் சோறு போட்டிருக்கிறது, ஒரு நாளும் கவனிக்கவில்லை என்றார். இந்த மனிதர் பிழைத்துக்கொள்வார் என்று எனக்கு அப்போதே தோன்றியது. இன்றைக்கு உங்களுக்கெல்லாம் அவர்தான் மேலதிகாரி, போய்க் கேட்டுப் பாருங்கள், மறுக்க மாட்டார்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் வேலையில் இரண்டு விதமாகத் தப்பு செய்யலாம். இல்லாத வகுப்புக்குப் பணம் கொடுப்பது ஒன்று, இருக்கிற வகுப்புக்கு நிறுத்துவது இன்னொன்று. முதல் தப்புக்குத் தணிக்கைக்காரர்கள் வருவார்கள், விளக்கம் கேட்பார்கள், சம்பள உயர்வு நிற்கும். அதனால் எல்லாரும் அதற்குப் பயப்படுவார்கள். இரண்டாவது தப்புக்கு யாரும் வரமாட்டார்கள். மஞ்சுளா பேசாமல் ரயில் ஏறி, பழையபடி பார்சல் கட்டப் போயிருப்பாள், உங்கள் பதிவேடு சுத்தமாக இருக்கும். அதற்கும் கொஞ்சம் பயப்படுங்கள்.

அந்தக் கார்த்திகையில், ஓய்வு பெற்ற கையோடு, மழைத் தண்ணீரில் வழுக்கி என் வீட்டு வாசலிலேயே விழுந்தேன். இடுப்பில் ஆபரேஷன். அடையாறில்தான் சேர்த்தார்கள். இரண்டு நாள் கழித்து என்னைப் படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்ற இரண்டு பெண்கள் வந்தார்கள். கொண்டை, முகமூடி, வெள்ளைக் கோட்டு. முகம் தெரியவில்லை. போர்வையை விலக்கிய கையைப் பார்த்தேன். நகம் வளர்ந்து, நுனியில் மட்டும் ஆடியில் வைத்த மருதாணிச் சிவப்பு கீற்றாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதை யாராலும் தேய்த்து எடுக்க முடியாது, வெட்டினால்தான் போகும். மற்றவளின் நகங்கள் வெறுமையாக இருந்தன.

கலா தலைப் பக்கம் வந்தாள். மஞ்சுளா கால் பக்கம் போனாள். என் உடம்பு லேசான உடம்பில்லை, தையல் வேறு புதிது. சொன்னால் என்ன, எனக்குப் பயமாகவே இருந்தது. மஞ்சுளா சக்கர நாற்காலியின் பிரேக்கைப் போடக் குனிந்த நேரத்தில், இன்னும் பேச்சுவார்த்தை இல்லையா என்று கலாவிடம் மெதுவாகக் கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். பின்னே ஏன் அவளோடு உனக்கு டியூட்டி போட்டார்கள் என்றேன்.

“யாரும் போடல மேடம். நான்தான் கேட்டு வாங்கிக்கினேன். ஒருதபா வுட்டவ. இனிமே வுடவே மாட்டா.”

இருவரும் என் உடம்புக்குக் கீழே கையைக் கொடுத்தார்கள். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று இரண்டு குரலும் சேர்ந்தே எண்ணின. நான் அங்கே இருந்த நாள் முழுக்க அவர்கள் இருவரும் ஒன்றாகப் பேசியது அது மட்டும்தான். கண்ணைத் திறந்தபோது நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எங்கேயும் வலிக்கவில்லை.